எம்பத்தாறு

"செத்த நேரம் நான் சொல்லுததக் கேளுங்க..."

"நீ மொதல்ல நான் சொல்லுததக் கேளு. ஓடுத வண்டியை எதுக்குட்டி பிரிச்சுப் போடணும்..."

"ஓடுதாம்லா. பொகை பாக்குதவன் திருப்பி அனுப்பிட்டான், இவிய ஓடுதுங்காவ..."

"பேட்டரி வயரைக் கழத்தி மாட்டுனா லைட்டு தன்னால அணையும். நாலு வருசமா அப்படித்தான ஒப்பேத்துதேன்..."

"லைட்டு அணையும். பொகை அணையுமா?"

குருசாமி வாயை மூடிக்கொண்டார். அவர் மனைவி செல்லக்கனியும் மூச்சு வாங்க நிறுத்தினாள். வன்னியம்பட்டியில் காலை எட்டு மணி, ஐப்பசி மூட்டம். செண்பகத்தோப்புப் பக்கம் மலையைக் காணோம். மலை இருந்த இடத்தில் சாம்பல் நிறம்தான் நின்றது. எதிர் வீட்டில் யாரோ ரசம் தாளிக்கிற வாடை தெரு முழுக்க வந்தது.

வேப்பமரத்தடியில் நின்றது சண்டைக்குக் காரணமான வண்டி. சின்ன லோடு வண்டி, பெட்ரோல். வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாங்கும்போது வெள்ளை, இப்போது மோர் நிறம். பின்கதவில் சிவப்பு எழுத்தில் ‘இந்து’ என்றிருக்கும். பேத்தி பிறந்த வருஷம் மகன் பாண்டிதுரை எழுத வைத்தது. எழுதியதில் இன்னும் ஒரு புள்ளிகூட அழியவில்லை. எழுத வைத்தவன் கொரோனா இரண்டாம் அலையில் போய்விட்டான். முப்பத்திரண்டு வயது.

அவன் மனைவி மாரிசெல்வி வண்டிக்குள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இரண்டு பேருடைய சண்டையும் ஓயட்டும் என்று இருந்தாள். ஓய்ந்ததும் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது, எரிந்தபடியே இருந்தது. பெட்ரோல் நாற்றத்தோடு கரும்புகை பின்னால் கோழிகளை விரட்டியது.

"மாமா, ஏறுங்க. ஜோயல் அண்ணன் ஒம்பது மணிக்கெல்லாம் வரச் சொல்லிருக்காவ."

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க தாயி. நான் எதுக்கு?"

"ஆர்சி உங்க பேர்ல இருக்கு. பொகைச் சீட்டு வாங்கிட்டு அப்படியே எப்சிக்கும் எழுதிக் குடுக்கணும். நாளைக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டி பாக்காராம். நீங்க இல்லாமக் கையெழுத்து யாரு போடுவா?"

"அடுத்த வாரம் பாத்துக்கிடலாமே."

மாரிசெல்வி எஞ்சினை நிறுத்தினாள். அவள் குரலை உயர்த்துகிறவள் அல்ல. உயர்த்த வேண்டிய இடத்தில் எஞ்சினை நிறுத்துவாள்.

"மாமா, எப்சி கெடச்சா திங்கக்கிழமையில இருந்து சத்திரப்பட்டி லோடு எனக்கு. தறிக்காரரு வாக்குக் குடுத்திருக்காவ. கெடைக்கலன்னா அந்த லோடு வேற வண்டிக்குப் போயிரும். திருப்பூர்ல அண்ணன் எனக்கு பனியன் கம்பெனியில சொல்லி, வீடும் பாத்து வச்சிருக்கான். நான் இந்துவைக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். மெரட்டல மாமா. இருக்கதச் சொல்லுதேன்."

செல்லக்கனி புருஷனைப் பார்த்தாள். "கேட்டாச்சா? இனிமே பேத்தியைப் பாக்கணும்னா திருப்பூருக்கு பஸ் ஏறணும். ஒரு இத்துப்போன சாமானை மாத்த விடமாட்டேன்னு எதுக்கு இப்படி அடம்பிடிக்கிய?"

"நான் என்ன மாத்த விடமாட்டேன்னா சொன்னேன்."

"வேற என்னத்தச் சொன்னியளாம்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார்.

அந்தச் சாமானின் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஆக்சிஜன் சென்சார். ஜோயல் போனில் சொல்லும்போதுகூட ‘அந்த சென்சார்’ என்றுதான் சொல்லுவான். செல்லக்கனிக்கு அது ‘அந்தச் சாமான்’. நாலு வருஷம் முன்பு ஒரு வாரம் அந்தப் பெயரை வைத்து வீடே சிரித்திருக்கிறது. பிறகு ஒரு சனிக்கிழமையோடு அந்தச் சொல் வீட்டைவிட்டுப் போயிற்று. டிவியில் அது காதில் விழுந்தாலே யாராவது எழுந்து சேனலை மாற்றுவார்கள்.

மூன்று பேர் உட்காரும் வண்டி இல்லை. நெருக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். நடுவில் செல்லக்கனி, மடியில் தூக்குவாளி. எலுமிச்சம்பழச் சோறும் சீனியவரைக்காய் வத்தலும்.

"ஏட்டி, கியரைப் போடுதியா, என் முழங்காலைப் போடுதியா?"

"காலை அங்கிட்டு ஒதுக்குங்க அத்தை."

"அங்கிட்டு உன் மாமா கிடக்காரு. மலை மாதிரி அசைய மாட்டேங்காரு."

குருசாமிக்கு அறுபத்தைந்து வயது. இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று, வலது கண் இன்னும் மூட்டம்தான். ஸ்டியரிங்கை விட்டு ஆறு மாதம் ஆகிறது. அதற்கு முன்பே மருமகள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்துவிட்டாள். பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் நாலு வருஷமாகப் பண்டல் கட்டுகிறவள் அவள். கட்டிய பண்டலை அடுத்தவன் வண்டியில் ஏற்றி அனுப்புகிறோமே, நம்முடைய வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறதே என்பது அவள் கணக்கு. சத்திரப்பட்டியிலிருந்து ராஜபாளையம் குடோனுக்கு லோடு. பாண்டிதுரை அடித்த அதே லோடு.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டுகிறவரை நல்ல பேச்சுத்தான். பால் சுண்டுகிற வாசனை வந்ததும், இந்துவுக்குத் திரும்பும்போது பால்கோவா வாங்கணும் என்றாள் செல்லக்கனி. குழியில் வண்டி குதித்ததும், "பாத்து ஓட்டுட்டி" என்றாள்.

"குழி இருக்குதது தெரியல அத்தை, தண்ணி நிக்கி."

"உன் மாமா ஓட்டும்போது குழியெல்லாம் ஒதுங்கிப் போகும். அவ்வளவு மெதுவா வருவாரு. குழிக்கே பொறுமை போயிரும்."

குருசாமிகூடச் சிரித்தார். அப்போதுதான் எதிரே 108 வண்டி அலறிக்கொண்டு வந்தது. மாரிசெல்வி ஓரங்கட்டி நிறுத்தினாள். சத்தம் கடந்து, தேய்ந்து, காணாமல் போனது. செல்லக்கனி தூக்குவாளியின் மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள்.

"எம்புட்டு வெரலைப் பிடிச்சுப் பாத்திருப்பேன் நான்."

"அத்தை, விடுங்க."

"விடத்தான் செய்யுதேன்."

ஆனால் விடவில்லை. அந்த வருஷம் காய்ச்சல் கணக்கெடுக்க ஊர் ஊருக்குப் பெண்களை எடுத்தபோது வன்னியம்பட்டிக்கு எடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. நீல கவுனும் முகமூடியும் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் விரலில் அந்தக் குட்டி மிஷினை மாட்டி நம்பர் பார்க்க வேண்டும். தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் போன் போட்டுச் சொல்ல வேண்டும். தொண்ணூறுக்குக் கீழே என்றால் நின்று, வண்டியை வரவழைத்து, ஏற்றிவிட்டுத்தான் நகர வேண்டும்.

"வடக்குத்தெரு பரிபூரணம் என்ன சொன்னா? ‘எனக்கு ஒண்ணும் இல்லக்கா, எட்டு இட்லி தின்னேன்’ன்னா. வெரலைப் போட்டா எம்பத்தொம்பது. போகமாட்டேன்னு தூணைப் பிடிச்சுக்கிட்டா. பிய்ச்சு எடுத்து வண்டியில ஏத்துனேன். இன்னைக்கும் இட்லிக்கடை போட்டு இருக்கால்லா. ஊர்ல உள்ளவ வெரலையெல்லாம் பாத்தேன். நான் பெத்தவன் ஒரு போன் போடல. எம்மா, எனக்கு இப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை. பதினஞ்சு மைலு. பறந்து போயிருப்பேன்."

"எங்கிட்டயும் காய்ச்சல் விட்டுருச்சு, நாளையில இருந்து வண்டி எடுக்கேன்னுதான் அத்தை சொன்னாவ. புள்ளைக்கு ஒட்டிரக் கூடாதுன்னு தறிக்கூடத்துலயே படுத்துக்கிடந்தாவ."

"தறிக்காரரு தூக்கிட்டு வந்து போட்டாரு வியாழக்கெழமை. ‘ரெண்டு நாளைக்கு முந்தி கொண்டாந்திருக்கணும்’னு டாக்டரம்மா சொல்லுதா. நான் அந்த கவுனோட நிக்கேன். அந்த கவுனைப் போட்டுக்கிட்டு எங்கூட நின்னவளுவ எல்லாம் என்னப் பாக்காளுவ. மறைச்சுட்டான். பெத்தவகிட்டயே மறைச்சுட்டான். தெவசத்துக்கு எலை போடும்போதுகூட எனக்கு அழுகை வரல மாரி. கோவந்தான் வருது. செத்தவன் மேல எத்தனை வருசம் கோவப்பட? ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கும்பிட முடியல."

"பேசாம வா" என்றார் குருசாமி. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். அவரது நல்ல கண் அந்தப் பக்கம்தான். ஆனால் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, ஈரத்தில் நிற்கிற பருத்தியைத் தவிர.

ஜோயலின் பட்டறை சங்கரன்கோவில் முக்குக்கு அப்பால். தகரக் கூரை, முன்னால் ஒரு தொட்டி, அதில் எப்போதும் சொட்டுகிற குழாய். மில் பஞ்சு காற்றில் வந்து வயர்களில் எல்லாம் மெல்லிய நரைபோல ஒட்டிக்கிடக்கும். ஜோயல் பாண்டிதுரையோடு ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். கூட்டாளியின் அப்பாவை அப்பா என்றும் அம்மாவை அம்மா என்றும்தான் கூப்பிடுவான். அவர்கள் இறங்கும்போதே பக்கத்துத் தேநீர்க் கடைக்காரம்மா எட்டிப் பார்த்துத் தெலுங்கில் கேட்டாள்.

"ஜோயலு, டீ காவாலா?"

"நாலுகு" என்று நாலு விரலைக் காட்டினான் ஜோயல். பிறகு பிள்ளையைத் தட்டுவதுபோல வண்டியின் நெற்றியில் தட்டினான். "வா ராசா. நாலு வருசமா இப்ப வாரேன், அப்ப வாரேன்னு டிமிக்கி குடுத்தவன்லா நீ."

"வண்டி எங்க டிமிக்கி குடுத்துச்சு? ஓட்டுனவருல்லா குடுத்தாரு" என்றாள் செல்லக்கனி.

"அப்பா வண்டியைப் பாதுகாக்குதாவம்மா. டாக்டர்கிட்டப் போனா சீக்குன்னு சொல்லிருவாவன்னு பயம்."

குருசாமி டீயை வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

ஜோயல் சீட்டைத் தூக்கிச் சாய்த்தான். அந்த வண்டிக்கு எஞ்சின் டிரைவர் சீட்டுக்கு அடியில்தான். சூடு முகத்தில் அடித்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே எங்கேயோ வயரைச் செருகி, கையடக்கமான ஸ்கேன் மிஷினை எடுத்து மாரிசெல்வியிடம் காட்டினான்.

"இங்க பாரு தங்கச்சி. நீதான இனிமே ஓட்டப்போற, தெரிஞ்சுக்கோ. சைலன்சர்ல ரெண்டு சென்சார் இருக்கு. முன்னது மூக்கு. எஞ்சின் விடுத பொகையை மோந்து பாத்து, காத்து பத்தல, பெட்ரோல் கூடிருச்சுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இந்த மூக்கு செத்துப்போச்சு. இது சொல்லுத பொய்யைக் கேட்டு அவன் பெட்ரோலை அள்ளி அள்ளி ஊத்துதான். அதான் அம்புட்டுப் பொகை."

"பின்னாடி உள்ளது?"

"முன்னது சொல்லுதது நெசமான்னு பாக்குதது அது. ஆனா முன்னது சொல்லலைன்னா பின்னதும் என்ன செய்யும்? ரெண்டையும் மாத்திருவோம்."

"சூடா இருக்கும்போதேயா கழத்துவீங்க?"

"கொஞ்சம் ஆறணும். ரொம்பச் சூட்டுல கை வெச்சா வெந்துரும். ஒரேயடியா ஆறிட்டா துரு இறுக்கிப் பிடிச்சு மரையோட பிய்ஞ்சு வந்துரும். பத்து வருசத் துருல்லா." அவன் கீழே குனிந்து துரு எண்ணெயைப் பீச்சினான். புஸ்ஸென்று வெள்ளையாக ஆவி வந்தது. "எஞ்சின் சூடு இப்பத் தொண்ணூத்தஞ்சு காட்டுது. எறங்கட்டும்."

டீ குடித்தார்கள். செல்லக்கனி தூக்குவாளியைத் திறந்து எல்லாருக்கும் ஒரு வாய் என்று எலுமிச்சம்பழச் சோற்றை வாதுமை இலையில் வைத்தாள். ஜோயல் கிரீஸ் கையைக் காட்டி, "பொறவும்மா" என்றதும், "வாயைத் தொற" என்று ஊட்டியே விட்டாள். அவன் மென்றுகொண்டே வேலையைப் பார்த்தான். மில்லில் பத்து மணிச் சங்கு ஊதியது.

"ஏ, இங்க பாரு."

சென்சாரிலிருந்து வருகிற வயர் தொங்கி ஆடாமல் இருக்க, பக்கத்துக் கம்பியோடு சேர்த்து ஒரு துணிக் கட்டு. எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. ஆனாலும் பேண்டேஜ் துணி என்று தெரிந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடிபட்ட விரலுக்குச் சுற்றுகிற மாதிரிச் சுற்றியிருந்தது.

"இது தொரை கட்டுனது. மெக்கானிக் எவனும் இப்படிக் கட்டமாட்டான், டேப்பு அடிப்பான். அப்ப லாக்டவுன், சென்சார் ஸ்டாக் இல்லை, மதுரையிலயே இல்லை. வந்ததும் மாத்துதேன், அதுவரைக்கும் வயரு அறாமப் பாத்துக்கோன்னு சொல்லி விட்டேன்." ஜோயல் தலையைத் தூக்காமலே சிரித்தான். "அன்னைக்கு அப்பா என்ன சொன்னாவ தெரியுமா? வண்டிக்கு ஆக்சிஜன் சென்சார் போயிருச்சுன்னு நான் சொல்லுதேன், ‘ஏலே, ஊர்லதான் ஆக்சிஜன் இல்ல, நம்ம வண்டிக்குமா இல்ல? இதுக்கும் ஆஸ்பத்திரியில பெட்டு கேக்கணுமா’ன்னாவ. தொரை விழுந்து விழுந்து..."

யாரும் சிரிக்காததைக் கேட்டு நிமிர்ந்தான். தான் சொன்ன சொல் அப்போதுதான் அவனுக்கே கேட்டது.

"மன்னிச்சிருங்கம்மா."

"பரவால்ல" என்றாள் செல்லக்கனி. "சாமானுக்குப் பேரு அதுதான, என்ன செய்ய." இலைகளைச் சுருட்டினாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவ உட்கார்ந்தாள். கழுவ அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் கழுவினாள்.

மாரிசெல்வி அந்தக் கட்டை நகத்தால் மெல்லப் பிரித்தாள். முடிச்சு இறுகியிருந்தது. அறுக்கலாம் என்று ஜோயல் கட்டரை நீட்டினான், அவள் வாங்கவில்லை. பிரித்து முடித்து, துணியை மடித்து, சுடிதார் பையில் வைத்துக்கொண்டாள்.

ஜோயல் வண்டிக்கு அடியில் முதுகுப் பலகையில் சறுக்கிப் போனான். ஸ்கேன் மிஷினைப் பக்கத்திலேயே தரையில் வைத்துக்கொண்டான். கால்கள் மட்டும் வெளியே. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தொண்ணூறு."

குருசாமி வாசலை விட்டு இரண்டு எட்டு வைத்தார்.

"எம்பத்தெட்டு. இன்னும் கொஞ்சம் எறங்கட்டும்."

ஸ்பேனரைச் சென்சாரின் கழுத்தில் மாட்டுகிற சத்தம்.

"அப்பா, எம்பத்தாறு காட்டுதுப்பா. கழத்தவா?"

"அப்பா?" என்றான் ஜோயல். "எம்பத்தாறுப்பா."

"அதையே திருப்பித் திருப்பிச் சொல்லாதலே."

குருசாமி அங்கே கிடந்த பழைய டயரில் உட்கார்ந்துவிட்டார். மாரிசெல்வி ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"மாமா, என்ன செய்யுது? தலை சுத்துதா? தண்ணி..."

"தண்ணி வேண்டாம் தாயி. அவனும் அப்படித்தான் சொன்னான். அச்சு அசலா அப்படியே. அப்பா, எம்பத்தாறு காட்டுதுப்பான்னான்."

"யாரு மாமா?"

"தொரைதான். வேற யாரு."

ஜோயல் வெளியே சறுக்கி வந்து, படுத்தபடியே பார்த்தான்.

"செவ்வாக்கெழமை சாயங்காலம். நாலு, நாலரை இருக்கும். போன் வந்துச்சு. மூச்சு வாங்குச்சு அவனுக்கு. பண்டல் தூக்கிட்டு வந்து பேசுதான்னு நெனச்சேன். காய்ச்சல் விட்டுருச்சுன்னு சொல்லியிருந்தாம்லா. ‘அப்பா, ஆக்சிஜன் கம்மியாக் காட்டுது, எம்பத்தாறு காட்டுதுப்பா’ன்னான். எனக்கு வண்டிதான் தாயி மனசுல. அந்த வாரம் பூரா நாங்க அதச் சொல்லித்தான சிரிச்சோம். இவன் பட்டறையில மிஷினைச் செருகிக்கிட்டு நின்னு பேசுதான், அதுல சூடு எம்பத்தாறு நிக்கின்னு நெனச்சுட்டேன். அந்தக் குட்டி மிஷினு தறிக்கூடத்துல இருந்ததெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க என்ன மாமா சொன்னிய?"

அவர் துண்டின் நுனியை எடுத்து மடித்தார். இன்னொரு மடிப்பு மடித்தார்.

"எம்பத்தாறு நல்ல நம்பருதாம்லேன்னேன். தொண்ணூறு தாண்டுனாத்தான் பயப்படணும்னேன். எஞ்சினுக்கு அப்படித்தான தாயி? ஜோயலு, அப்படித்தான? முப்பத்தஞ்சு வருசம் வண்டி ஓட்டுன எவனைக் கேட்டாலும் அப்படித்தான சொல்லுவான்?"

ஜோயல் தலையை ஆட்டினான்.

"‘நெசமாவாப்பா’ன்னான். நெசமாத்தாம்லே, ஒண்ணும் செய்யாது, சும்மா போட்டுக் கொழப்பாத, பாத்துக்கிடலாம்னேன். ‘அம்மா பக்கத்துல இருக்காளா’ன்னு கேட்டான். இருக்கான்னேன். பொறத்தால குளிச்சுக்கிட்டு இருந்தா இவ, சர்வேக்குப் போயிட்டு வந்து. ‘சரிப்பா’ன்னு வச்சிட்டான். அம்மாகிட்டக் கேட்டுத்தான் அப்பா சொல்லுதான்னு நெனச்சிருப்பானோ தாயி? ஊர்ல உள்ளவ வெரலையெல்லாம் பாக்குதவ அவ. அவ பயப்பட வேண்டாம்னு சொல்லிட்டான்னு நம்பிப் படுத்திருப்பானோ?"

மாரிசெல்வியின் கை அவர் தோளில்தான் இருந்தது. எடுக்கவுமில்லை, அழுத்தவுமில்லை.

"எப்ப மாமா தெரிஞ்சுது உங்களுக்கு?"

"ஆஸ்பத்திரி வாசல்ல. டாக்டரம்மா தறிக்காரருகிட்டக் கேட்டுச்சு, மொதல்ல எம்புட்டு இருந்துச்சுன்னு. செவ்வாக்கெழமை எம்பத்தாறு இருந்ததாச் சொன்னாம்மான்னாரு. அப்பத்தான் எனக்கு... நான் அந்தச் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டேன். எல்லாரும் மகனுக்காகன்னு நெனச்சாவ."

"நாலு வருசம்" என்றாள் மாரிசெல்வி.

"வயரைக் கழத்தி அந்த லைட்டை அணைப்பேன், நாலு நாள்ல மறுபடியும் எரியும். எறங்கி ஏறும்போதெல்லாம் அது என்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஆனாலும் மாத்தல. அதை மாத்தணும்னா இந்தப் பட்டறைக்கு வரணும், இந்த மிஷினைப் பாக்கணும், இவன் நம்பரைச் சொல்லுவான். எனக்குத் தெரியும், சொல்லுவான்னு."

"அத்தை தெனமும் பொலம்புனாவளே மாமா. மகன் மறைச்சுட்டான், மறைச்சுட்டான்னு. அவிய மறைக்கலையே. நான்கூட அவிய படத்துக்கு முன்னால நின்னு கேட்டிருக்கேன், எங்கிட்ட ஏன் மறைச்சியன்னு."

"தெரியும் தாயி. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஜோயலுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எழுந்து ஆறுதல் சொல்லலாமா, வேண்டாமா என்று ஒரு கணம் இருந்தான். பிறகு, கையில் ஸ்பேனர் இருந்ததால், மறுபடியும் வண்டிக்கு அடியில் போனான். ஒரு தம் பிடித்து இழுத்தான். பத்து வருஷத் துரு ‘டக்’கென்று விட்டுக்கொடுத்தது. மிச்சத்தைக் கையாலேயே திருகி எடுத்து வந்து, பழைய பேப்பரில் வைத்தான். கட்டை விரல் அளவுதான். முனை முழுக்கக் கரி. பார்த்தால் திரி அணைந்த விளக்கின் மூக்கு மாதிரி இருந்தது. பக்கத்தில் புதியதை உறையிலிருந்து எடுத்து, முனையில் விரல் படாமல், மரையில் மட்டும் பசையைத் தடவினான். மழை நாலு சொட்டு தகரத்தில் விழுந்தது.

அந்தச் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்டபோதுதான், குழாய்ச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகிவிட்டது என்று மாரிசெல்விக்கு உறைத்தது. திரும்பினாள். குருசாமியும் திரும்பினார்.

செல்லக்கனி தொட்டிக்குப் பக்கத்தில் எழுந்து நின்றிருந்தாள். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் மூடி. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் அழுகை இல்லை. நாலு வருஷமாக இருந்த கோபமும் இல்லை. ஏதோ ஒரு சின்னச் சாமானை எங்கே வைத்தோம் என்று யோசிக்கிறவள்போல இருந்தாள். ஒவ்வொரு அடியாக நடந்து வந்து, டயருக்கு முன்னால் நின்று, மூடியைத் தூக்குவாளியில் வைத்து மெல்ல அழுத்தி மூடினாள்.

"அன்னைக்கு நான் குளிக்கத் தண்ணியை மோந்த கையோட நிறுத்திட்டு, போனுல யாருன்னு கேட்டேன். வண்டி விசயம்னு சொன்னியளே."